ஒரே மாதிரி நான்கு தவறுகள்

கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். முடிவில் உங்களைத்தான் கேட்கப் போகிறேன்.

அருப்புக்கோட்டையில் சேலைக்குக் குஞ்சம் கட்டிப் பிழைக்கிற சொர்ணம், ஏழாவதோடு பள்ளியை விட்டவள். தான் விட்டதை மகள் மதிவதனி பிடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஓயாத கவலை. ஒருநாள் ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் நின்ற ஒருத்தி, "பதினொண்ணாவதுல ஆரம்பிச்சா நீட்டுக்கு லேட்டு. எங்கண்ணன் மக ஆறாவதுலயே ஆரம்பிச்சிட்டா" என்று யாரிடமோ சொன்னாள். மதி அப்போது ஆறாவது. சொர்ணம் மருந்து வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மதியின் வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவள் சுபஸ்ரீ. அவளுடைய அம்மா கோமதியும் சொர்ணமும் சேர்ந்து, யாரிடமோ கிடைத்த பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். அதில் விடைகள் இருந்த கடைசிப் பக்கங்கள் மட்டும் கிழிந்து போயிருந்தன. மகள் போட்டது சரியா தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சொர்ணம் ஒரு வழி கண்டுபிடித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் மதி டிக் அடித்து முடித்ததும் கோமதிக்குப் போன் போடுவாள்.

"அக்கா, எட்டாவது கேள்விக்கு சுபா என்ன போட்டிருக்கா?"

"மூணு. என்னமா அழுத்தி டிக் போடுறா தெரியுமா? பின்பக்கம் ஓட்டை விழாத குறைதான்."

போனை வைத்துவிட்டு மகளிடம் வருவாள். "நீ ரெண்டு போட்டிருக்கியேடி. அழி."

"நான் கணக்குப் போட்டுப் பாத்துத்தாம்மா போட்டேன்."

"அவ என்ன கனவு கண்டா போட்டா? அழி."

எப்படியும் அழிக்கத்தானே போகிறோம் என்று மதி பென்சிலைத் தாளில் பட்டும் படாமலும் வைக்கப் பழகினாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் அவள் டிக் தெரியாது. இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

எட்டாவது முடிகிற சமயம் மதுரையில் ஒரு பயிற்சி மையம் தேர்வு வைத்தது. முதலில் வருகிற ஒரே ஒரு பெண்ணுக்கு ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை பயிற்சி, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். அறுபது கேள்விகள். வினாத்தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். கடைசியில் விடைத்தாளில் வட்டங்களைக் கறுப்புப் பேனாவால் நிரப்பித் தர வேண்டும். மதியும் சுபஸ்ரீயும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார்கள்.

பத்தாம் நாள் மையத்தின் பொறுப்பாளர் ஞானசேகரன் இரண்டு தாய்மாரையும் பிள்ளைகளோடு வரச் சொன்னார்.

"ரெண்டு பேருமே ஐம்பத்தாறு. அதுதான் முதல் மார்க். தப்பான நாலும் அதே நாலு கேள்வி. நாலுலயும் ஒரே தப்பு. நான் என்னம்மா நினைக்கிறது?"

சுபஸ்ரீ அழ ஆரம்பித்தாள். மதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அழுற பிள்ளையப் பாத்தாலே தெரியலையா சார், அவ செய்யலைன்னு?" என்றாள் கோமதி.

"அழுதா ஆச்சாக்கா? நான் வேணா எம்மகளையும் ரெண்டு கிள்ளு கிள்ளி அழ வைக்கட்டுமா?" என்றாள் சொர்ணம்.

"இன்னிக்குள்ள தெரியணும். இல்லைன்னா அடுத்து வந்த பிள்ளைக்குக் கொடுத்துடுவேன்" என்றார் ஞானசேகரன்.

சொர்ணத்துக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். "வினாத்தாள் இருக்கா சார்? ஒத்துப் பாக்கலாம்" என்றாள்.

"மெஷின் பாக்குறது விடைத்தாளை மட்டும்தான். இதை யாரும் புரட்டுறதில்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் இரண்டு வினாத்தாள்களையும் எடுத்தார். பெயர் தெரியாதபடி மேலட்டையைப் பின்னால் மடித்து, சரியான விடைப் பட்டியலையும், இருவரும் விடைத்தாளில் நிரப்பியிருந்த நான்கு தப்பு எண்களையும் சேர்த்துக் கொடுத்தார்.

கேள்வி ஒன்றும் சொர்ணத்துக்குப் புரியவில்லை. எண்களை ஒத்துப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினாள். ஐம்பத்தாறு கேள்விகளில் இரண்டு தாளும் ஒன்றுபோல் சரியாக இருந்தன. மீதி நான்கில்தான் வித்தியாசம். ஒரு தாளில் டிக் அடுத்த பக்கத்திலும் தடம் பதிகிற அளவுக்கு அழுத்தமாக இருந்தது. அந்த நான்கும், விடைத்தாளில் கறுத்திருந்த அதே தப்பான எண்கள். இன்னொன்றை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் டிக் கண்ணுக்குப் பட்டது. அந்த நான்கும் சரியான எண்கள். பக்கத்தில் கணக்கும் கடைசி வரி வரை போட்டிருந்தது.

சொர்ணம் அந்தத் தாளை இரண்டாம் முறையும் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு எழவும் விளங்கல. உனக்கு ஏதாச்சும் தெரியுதா?" என்றாள் தோளருகே நின்ற கோமதி. ஞானசேகரனும் பேனாவை மூடி வைத்துவிட்டு சொர்ணத்தின் முகத்தையே பார்த்தார். அவள் என்ன சொன்னாலும் அந்த அறையில் மறுத்துப் பேச ஆள் இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பார்த்து எழுதியவள் யார்? அந்த ஓர் இடம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: பார்த்து எழுதியவள் மதி. மங்கலான டிக் அவளுடையது. அறுபதையும் சரியாகக் குறித்தவள், வட்டம் நிரப்புகிற நேரத்தில் பக்கத்துத் தாளைப் பார்த்து, தன்னுடையதில் ஒத்துவராத நான்கையும் தப்பென்று நினைத்து மாற்றிவிட்டாள். அவளுக்கு வீட்டில் கிடைத்த பழக்கம் அது. அறுபதும் தெரிந்திருந்தாலும் அவள் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தது சுபஸ்ரீயின் விடைகளை. தப்பைக்கூடத் தானே யோசித்துப் போட்டவள் சுபஸ்ரீ, அதனால் இடம் அவளுக்குத்தான். சொர்ணம் வினாத்தாள்களை மேசையில் வைத்துவிட்டு, "எம்மகதான் சார். பாக்கச் சொல்லிக் கொடுத்தவ நான்" என்றாள். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மதி டிக் அடித்து முடித்து, வழக்கம்போலப் போனை எடுத்து நீட்டினாள். சொர்ணம் அதை வாங்கவில்லை. குஞ்சத்து முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல், "அழுத்திப் போடு" என்றாள்.