வடகரையில் கரி இல்லை

முன்னொரு காலத்தில், மழை பொய்த்த மூன்றாம் ஆண்டின் ஆடி மாதத்தில், வடகரைச் சீமையைப் பற்றி அரசர் முன் வைக்கப்பட்ட ஓலைகள் எல்லாவற்றின் மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

நல்ல செய்தி ஓலைக்கு மஞ்சள், சாவு ஓலைக்கு அடுப்புக்கரி. அந்த நாட்டு வழக்கம் அது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கரி ஓலை ஒன்றைப் பார்த்துவிட்ட அரசர், இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இனி அமங்கலம் எதுவும் எழுத்தில் என் முன் வரக்கூடாது" என்றார்.

ஊர்களிலிருந்து வரும் ஓலைகள் முதலில் ஓலைநாயகம் அம்பலவாணர் கைக்குத்தான் போகும். அவர் கரி ஓலைகளை ஓர் அறையில் போட்டுப் பூட்டினார். அவற்றுக்குப் பதிலாக, முத்து முத்தான கையெழுத்தில் வேறு ஓலைகள் எழுதி மஞ்சள் தடவினார்.

"அரசே, நாட்டில் மஞ்சள் விலை ஏறிவிட்டது. காரணம் ஓலைநாயகத்துக்குத் தெரியும்" என்றான் அரசவை விகடன் வேம்பன். சபை சிரித்தது. அம்பலவாணர் சிரிக்கவில்லை.

"இவனே வடகரைக்குப் போய் நிலவரம் எழுதி வரட்டும், அரசே" என்றார் அவர். " பொய் இருந்தால் நாக்கை வெட்டுவோம், அமங்கலம் இருந்தால் கையை. இரண்டுமே இவனுக்குக் கொஞ்சம் நீளம்தானே!"

அரசருக்கு அந்த விளையாட்டுப் பிடித்துப்போயிற்று.

வடகரையில் வேம்பனின் அக்கா மாயாத்தாள் இருந்தாள். தம்பியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராசாவச் சிரிக்க வச்சது போதும்டா. நெல்லக் கொண்டா."

வேம்பன் ஊரைச் சுற்றிப் பார்த்தான். திரும்பும் வழியில் ஓலையை எழுதினான்.

சபையில் நின்று தன் ஓலையை வாசித்தான். "வடகரையில் திருட்டு இல்லை. வீடுகள் திறந்தே கிடக்கின்றன. கிணற்றடிச் சண்டை ஓய்ந்தது. களஞ்சியத்தில் எலித் தொல்லை அறவே இல்லை. மருமகள் சமையலை எந்த மாமியாரும் குறை சொல்வதில்லை."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பானைகளின் அடி பளபளக்கிறது. கரி ஓலை அனுப்புவதையும் ஊரார் நிறுத்திவிட்டார்கள்."

"நான் எழுதியதும் இதைத்தானே!" என்றார் அம்பலவாணர்.

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏன் நிறுத்தினார்கள்?"

"அது எழுத்தில் வரக்கூடாத காரணம், அரசே. வாயால் சொல்லத் தடை உண்டா?"

"இல்லை. சொல்."

"கரி வேண்டுமென்றால் அடுப்பு எரிய வேண்டும்."

அரசர் ஓலையை வாங்கி, முதல் வரியிலிருந்து தாமே படித்தார். இந்த முறை சிரிப்பு வரவில்லை. முன்பு வந்த கரி ஓலைகள் எங்கே என்று அம்பலவாணரிடம் கேட்டு, அறைச் சாவியை வாங்கினார். பிறகுதான் லேசாகச் சிரித்தார். அதில் சத்தம் இல்லை.

"பொய்யும் இல்லை, அமங்கலமும் இல்லை. பிழைத்தாய், வேம்பா. என்ன வேண்டும், கேள்."

"நெல் வண்டிகள், அரசே. இன்றே."

வண்டிகள் அன்றே புறப்பட்டன. கூடவே போய் நெல் அளக்கும் வேலை அம்பலவாணருக்குக் கிடைத்தது. வேம்பனுக்கு ஒரு முத்துமாலை கிடைத்தது.

ஆடி முடிவதற்குள் வடகரையிலிருந்து ஓர் ஓலை நேராக அரசர் கைக்கே வந்தது. நெல் வந்து சேர்ந்தது என்றும், அதற்கு முந்தைய நாள் இறந்தவர்களில் மாயாத்தாளும் ஒருத்தி என்றும் எழுதியிருந்தது. நான்கு மூலையிலும் கரி தடவியிருந்தது.