ராஜாவுக்கு மேலே ஒரு பருந்து

முன்னொரு காலத்தில் மஞ்சுமலை நாட்டைக் குன்றவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். கோபம் வந்தால் மட்டும் கொஞ்சம் கெட்ட ராஜா. கோபம் தினமும் வரும்.

அவருடைய மாமனாரும் ஒரு ராஜா. கீழ்நாட்டுக்காரர், ஏரிக்கரையில் அரண்மனை. வரும்போதெல்லாம் தன் கையால் பிடித்த விராலைக் கூடையில் கொண்டுவந்து, "என்ன மாப்பிள்ளை, உங்கள் மலையில் மீன் ஏறி வருமா, பாதியில் மூச்சு வாங்கித் திரும்பிவிடுமா?" என்று கேட்பார். மகாராணியும் சேர்ந்து சிரிப்பார். அதுதான் ராஜாவுக்குத் தாங்கவில்லை.

அறுவடை விருந்துக்கு மாமனார் வருகிறார் என்று ஆள் வந்ததும் ராஜா சபையைக் கூட்டினார். "என் கையால் மீன் பிடித்து அவர் இலையில் போடவேண்டும். எங்கே போய்த் தூண்டில் போடலாம்?"

மந்திரி நல்லாதன் எழுந்தார். "தினைச்சேரிக்குக் கீழே வேங்கைமடு இருக்கிறது, மகாராஜா. ஆழமான தண்ணீர், நல்ல நிழல். கெண்டை கூட்டம் கூட்டமாகக் கிடக்கிறது."

அரண்மனைச் சடங்குகளைக் கவனிக்கும் தாண்டவராயருக்கு இது பிடிக்கவில்லை. மந்திரி பதவி தனக்கு வந்திருக்கவேண்டியது, வழிதவறி நல்லாதனிடம் போய்விட்டது என்பது அவருடைய எண்ணம். "போய்த்தான் பார்ப்போமே" என்றார்.

போனார்கள். ராஜா மடுவோரப் பாறையில் உட்கார்ந்தார். புழு கோத்துத் தூண்டிலை வீசப்போகும் நேரம், தாண்டவராயர் தொண்டையைச் செருமினார்.

"மகாராஜா, கொஞ்சம் மேலே பாருங்கள்."

மேலே சரிவில் தினைச்சேரிக் குடிசைகள். அங்கே, மடுவுக்கு இறங்கி வரும் ஆற்றில் மாதி என்ற பெண் தினை களைந்துகொண்டிருந்தாள்.

"அரசர் உட்காரும் இடத்துக்கு மேலே குடிகள் இருக்கக்கூடாது. இது நம் வம்சத்து முறை. அவள் கால் நனைத்த தண்ணீர் தங்கள் தூண்டிலை நனைக்கிறது. மந்திரியாருக்கு இது தெரியாதா, தெரிந்துதான் கூட்டிவந்தாரா?"

ராஜாவின் முகம் சிவந்தது. "நாளைக்கு இந்தச் சரிவில் ஒரு கூரை இருக்கக்கூடாது. பிரித்துப் போடுங்கள்."

நல்லாதனுக்கு மடுவைக் காட்டியவளே அந்த மாதிதான். ஒருநாள் அந்த வழியாகப் போனவருக்குத் தினைமாவும் தேனும் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னாள். இடம் சொன்ன பாவத்துக்கு ஊரே போகிறது. நேராகத் தடுக்கவும் வழியில்லை. முந்தின மந்திரி ஒரு தடவை "இது சரியில்லை, மகாராஜா" என்று சொன்னவர். இப்போது காட்டில் யானைகளுக்குப் பேர் வைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்போது மாதி பேச்சோடு பேச்சாகச் சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. "எங்களுக்கு முன்னாலே பருந்து வந்து மீனைத் தூக்கிடும் சாமி. உச்சியிலே ஊத்துப்பாறை மேலே கூடு வச்சிருக்கு."

"தாண்டவராயர் சொல்வதுதான் முறை" என்றார் நல்லாதன். "ஆனால் குடிசைகளைப் பிரித்து முடிப்பதற்குள் மாமனார் வந்துவிடுவார். யாருமே மேலே இல்லாத இடத்துக்கு நாமே போய்விட்டால் என்ன?"

தாண்டவராயருக்கு ஒரே சந்தோஷம். ஏறினார்கள். ஒரு பள்ளத்தில் தண்ணீர் நன்றாக இருந்தது. மேலே ஒருவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். "முறையில்லை" என்றார் தாண்டவராயர். இன்னும் ஏறினார்கள். மேலே ஒருவன் தேன் எடுத்துக்கொண்டிருந்தான். "முறையில்லை." பல்லக்குத் தூக்கிகள் படுத்துவிட்டார்கள். ராஜா நடந்தார்.

கடைசியில் ஊற்றுப்பாறை, ஆறு பிறக்கும் இடம், உள்ளங்கையளவு தண்ணீர். அதற்கு மேல் நாடு இல்லை. ராஜா தூண்டிலைப் போட்டார். அது கல்லில் பட்டு டிங் என்றது. தக்கை மிதக்க இடமில்லாமல் சாய்ந்து படுத்துக்கொண்டது.

வெகுநேரம் பார்த்துவிட்டு ராஜா கேட்டார். "மந்திரியாரே, மீன் எப்போது வரும்?"

"முறையில் ஒரு குறை இருக்கிறது, மகாராஜா. தங்களுக்கு மேலே ஒருவர் குடியிருக்கிறார்."

எல்லோரும் அண்ணாந்தார்கள். பாறை நுனியில் பருந்துக் கூடு.

"தாண்டவராயரே, அதை இறக்கும்" என்றார் ராஜா.

தாண்டவராயர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பாதி ஏறியிருப்பார்.

"இப்போது நீரும் எனக்கு மேலே இருக்கிறீரே" என்றார் ராஜா.

தாண்டவராயர் மெதுவாக இறங்கி, ராஜாவின் தோளுக்குக் கீழே தலை வரும்படி பாறையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பருந்து அவரைப் பொருட்படுத்தவில்லை. கூட்டில் உட்கார்ந்து எதையோ கிழித்துத் தின்றது. ஒரு மீன்தலை ராஜாவின் மடியில் வந்து விழுந்தது.

ராஜா அதை எடுத்துப் பார்த்தார். "கெண்டை."

"ஆமாம், மகாராஜா."

"இது எங்கே பிடித்தது?"

பருந்துதான் பதில் சொன்னது. எழும்பி, வட்டமிட்டு, தேன்காரனைத் தாண்டி, ஆட்டுக்காரனைத் தாண்டி, தினைச்சேரிக் கூரைகளையும் தாண்டி இறங்கி, வேங்கைமடுவில் ஒரு முங்கு முங்கி எழுந்தது. காலில் கெண்டை. மாதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மந்திரியாரே, பறவைகளில் அது ராஜாதானே?"

"இந்த மலையில் அதுதான், மகாராஜா."

"குடியிருப்பது மேலே."

"ஆமாம், மகாராஜா."

"சாப்பாட்டுக்குக் கீழே போகிறது. அதனால் அதன் மதிப்பு குறைந்த மாதிரி தெரியவில்லையே."

"எனக்கும் தெரியவில்லை, மகாராஜா. தினை களைகிற தண்ணீருக்குத்தான் கெண்டை அங்கே கூடுகிறது. நாளைக்குக் குடிசைகள் போனால் கெண்டையும் போய்விடும். பருந்து என்ன செய்யும் என்றுதான் யோசிக்கிறேன்."

ராஜா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு இறங்கினார்.

மடுவில் உட்கார்ந்ததும் மேலே பார்த்து, "அம்மா, இன்னும் கொஞ்சம் தினை களையேன்" என்றார்.

"இது ராத்திரிக்கு ஆக்க வேண்டியது சாமி. ராஜா வந்தாருன்னு எல்லாத்தையும் ஆத்துலேயா விடமுடியும்?"

"சரி சரி, உள்ளதைக் களை" என்றார் ராஜா.

பொழுது சாய்வதற்குள் கூடையில் கெண்டை துள்ளியது. குடிசையைப் பிரிக்கும் உத்தரவை ராஜா அங்கேயே ரத்து செய்தார். அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து தினைச்சேரிக்குத் தினை அனுப்பச் சொன்னார். களைந்த தண்ணீர் மட்டும் அரசாங்கத்துக்கு. விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி நல்லாதனிடம் கொடுத்தார்.

பிறகுதான் தாண்டவராயர் ஞாபகம் வந்தது. மேலே ஆள் அனுப்பினார். "நான் மீன் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு மேலே யாரும் போகாமல் ஊற்றுப்பாறையிலேயே இருந்து பார்த்துக்கொள்ளும்."

"அப்படியானால் நான் மகாராஜாவுக்கு மேலே இருப்பேனே, அது முறையில்லையே" என்று தாண்டவராயர் சொல்லி அனுப்பினார்.

"பரவாயில்லை, உமக்கு மேலே பருந்து இருக்கிறது" என்று பதில் போனது.

விருந்தில் மாமனார் இலையைப் பார்த்தார். "பரவாயில்லையே மாப்பிள்ளை, எங்கே பிடித்தீர்கள்?"

"மலையெல்லாம் ஏறித் தேடினேன் மாமா. கிளம்பின இடத்திலேயே இருந்தது."

கெண்டைக் குழம்பை அவர்கள் சாப்பிட்டார்கள், கதை நமக்கு மிஞ்சியது.