சட்னி வீடு மாத்தின கதை

கால ஆட்டாம படு. 'ம்' கொட்டணும், சரியா? நீ நிறுத்தினா பெரியம்மாவும் நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு பூனை. ஊருன்னா சின்ன ஊரில்ல, பஸ்ஸும் லாரியும் பாம் பாம்னு கத்துற மெட்ராஸ். பூனை பேரு சட்னி. பாவம், அதுக்கு வீடும் இல்ல, வாசலும் இல்ல.

"ம்."

அந்தத் தெருவுல ரோஸ்லின்னு ஒரு அக்கா. கம்ப்யூட்டர் வேலை. தெருப் பூனை பசியில கத்தினா அவளுக்குச் சோறு இறங்காது. அதனால போன்ல ஒரு ஆப் பண்ணினா. எந்தப் பூனைக்கு அடிபட்டிருக்கு, எது பட்டினி கிடக்குன்னு யார் பாத்தாலும் போட்டோ எடுத்து, இடத்தையும் போடலாம். போட்டா எல்லார் போன்லயும் டிங்! தெருவே சேந்துக்கிச்சு. மருந்து வந்துச்சு, மீன் தலை வந்துச்சு. நல்ல காரியம்தானே?

"ம்."

அப்போ சட்னி மூணு குட்டி போட்டுச்சு, மாவு மிஷினுக்குப் பின்னால ஒரு சாக்குல. யாரோ பாத்துட்டாங்க. டிங்! பத்துப் பேர் தடதடன்னு ஓடினாங்க, "ஐயோ, எவ்ளோ அழகு!"ன்னு. சட்னி மிரண்டுபோய், ஒவ்வொரு குட்டியா கழுத்தக் கவ்வி, விறுவிறுன்னு மாடிப்படிக்குக் கீழ கொண்டுபோச்சு.

அப்புறம் அங்கயும் டிங்! இருபது பேர். சட்னி மறுபடி தூக்கிட்டு, ஓடாத ஒரு ஆட்டோவுக்குள்ள போச்சு.

அங்கயும் டிங்! இந்த வாட்டி தெருவே வந்துருச்சு, அறிவே இல்லாம. சட்னி ரெண்டு குட்டியத் தூக்கிட்டுப் போயிருச்சு. மூணாவதுக்கு வரவே முடியல, சுத்தியும் காலு. குட்டி இன்னும் கண்ணே திறக்கல. மீ... மீ...ன்னு கத்துது. பால் இல்லாம அது எவ்வளவு நேரம் தாங்கும்?

"பெரியம்மா, செத்துப்போச்சா?"

இரு, சொல்றேன்ல. எனக்கும்தான் மனசு கேக்கல.

மாடி வீட்டு அன்வர் பாய் சொன்னாரு, "குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாத்தும்தானேம்மா? அதான் அலையுது."

"அதுவா அலையல பாய், நாமதான் துரத்துறோம்"னு ரோஸ்லின் அழுதுட்டா. "நான் செஞ்ச ஆப்தான் துரத்துது."

உடனே சட்னி இருந்த இடத்தையெல்லாம் ஆப்ல அழிச்சா. "யாரும் பாக்காதீங்க. வீட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்துங்க"ன்னு எழுதினா. டிங்!

பட், பட், பட்! தெரு பூரா கதவு சாத்தியாச்சு.

"ஜன்னல் இடுக்குல கூடப் பாக்கலையா?"

கூடாதுன்னா கூடாது. ரோஸ்லினே சுவத்தப் பாத்து உக்காந்துட்டா. வெளிய சோன்னு மழை. மீ... மீ... மீ... அப்புறம் சத்தம் டக்குனு நின்னுருச்சு. ரோஸ்லின் மெல்லப் போய்ப் பாத்தா, ஆட்டோ சீட்டுல குட்டி இல்ல. ஈரமா, சேறா, சட்னியோட பாதம் மட்டும் பதிஞ்சிருந்துச்சு.

"எங்க கொண்டுபோச்சு?"

யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்.

கதை அவ்வளவுதான், கண்ண மூடு. நானும் உன்னைப் பாக்கல.