ஒற்றை விரலில் நின்ற படகு

"படகு என் பின்னால வரமாட்டேங்குதும்மா" என்றான் வீரையன்.

தவமணி அம்மை மடத்து அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

மழையில் ஜீப் நின்றது. அதன் பின்னால் டிரெய்லர். டிரெய்லரின் மேல் மடத்துப் படகு. கொஞ்சம் முன்புதான் புறப்பட்டுப் போனவை, போன சுவடு மறைவதற்குள் திரும்பியிருந்தன.

ஏரிக்கு அந்தண்டை ஆறு உடைத்துக்கொண்டு, புன்னையடி ஊர் முழுகிக் கிடந்தது. சனமெல்லாம் அரிசி ஆலையின் மொட்டை மாடியில் நிற்பதாகச் சேதி வந்திருந்தது. தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் படகு என்று ஒன்று இருந்தது மடத்தில்தான். ஏரியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் வழி இல்லை; ஏரிக்கரைமேல் போகும் சாலையில் அதை இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு.

அந்த மாடியில் நிற்கிறவர்களில் வீரையனின் தங்கை அஞ்சலையும் ஒருத்தி.

மடத்தில் எல்லாருக்கும் அது தெரியும். வீரையன் மட்டும் அதைப் பேசுவதில்லை. யாராவது கேட்டால், எல்லா உயிரும் ஒன்றுதான், அதில் தங்கை என்ன, தம்பி என்ன என்பான். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவன் ஊர்ப்பக்கம் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

அம்மை அவனைவிட வயதில் இளையவர். அதனால் குருவாக இருந்தாலும் அவனை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன பண்ணுது ஐயா?"

வாலாட்டுகிறது என்றான். கரைமேல் ஏறியதும் மெல்ல ஆரம்பித்ததாம். இடப்பக்கம் ஒரு வீச்சு, வலப்பக்கம் ஒரு வீச்சு. வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடியது. பயந்துபோய் பிரேக்கை மிதித்தான். படகு நிற்காமல் ஜீப்பைத் தள்ளியது. ஒரு சக்கரம் சாலையை விட்டுத் தண்ணீர்ப்பக்கம் போய், எப்படியோ உள்ளே வந்தது.

"அது படகில்லம்மா. மூக்கணாங்கயிறு அறுந்த மாடு."

பாரம் எப்படி ஏற்றினீர்கள் என்று அம்மை கேட்டார்.

அதைக் கேட்டதும் வீரையனின் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. தினமும் ஏரியில் அந்தப் படகை ஓட்டுகிறவன் அவன். முன்பாரமும் இல்லாமல் பின்பாரமும் இல்லாமல் ஏற்றுவான். அக்கரைக் கோயிலுக்குப் போகிறவர்கள் அவன் படகில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். இன்றைக்கும் அப்படித்தான் ஏற்றியிருந்தான். பின்னால் என்ஜின். அதற்கு ஈடாக முன்னால் குடிதண்ணீர்க் கேன்கள். நடுவில், சக்கரங்களுக்கு நேர் மேலே, அரிசி மூட்டைகள்.

"ஒத்த விரல்ல தூக்கலாம்மா. இதுக்கு மேல எப்படிச் சமமா வைக்கிறது?"

டிரெய்லரை ஜீப்பிலிருந்து கழற்றச் சொன்னார் அம்மை.

கழற்றினான். சக்கரங்களுக்குக் கல் வைத்தான். ஜீப்பில் மாட்டும் முன்கம்பியைச் சுட்டுவிரலில் தூக்கிக் காட்டினான். அது பூப்போல நின்றது.

"ரெண்டு கையாலயும் பிடிங்க" என்றார் அம்மை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படகில் ஏறி நடுவில் நின்றார்.

பிறகு என்ஜின் பக்கமாக ஓர் அடி வைத்தார்.

கம்பி உயிர் வந்தது போல அவன் கையில் எழும்பியது. இன்னும் ஓர் அடி. வீரையனின் குதிகால் தரையை விட்டது.

"என்னை எங்கயோ கொண்டுபோகப் பார்க்குதும்மா."

அம்மை நடுவுக்குத் திரும்பினார். கம்பி இறங்கி, எடையே இல்லாமல் அவன் உள்ளங்கையில் நின்றது. அவ்வளவு பெரிய படகு. என்ஜின், மூட்டைகள், மேலே ஓர் ஆள். கையில் ஒன்றுமே இல்லை.

வீரையனுக்கு மூச்சு ஒரு கணம் நின்றது. கண்ணை மூடி வெகுநேரம் உட்கார்ந்த பிறகு, எப்போதாவது இப்படி ஒன்று அவனுக்கு வரும். அதற்காகத்தான் அவன் மடத்துக்கு வந்தான்.

"இதான்மா" என்றான் மெதுவாக. "காத்தப் பிடிச்ச மாதிரி இருக்கு."

"காத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் கரைமேல போனீங்களா?"



அம்மை படகின் விளிம்பில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். கம்பி அவன் கையில் பிடிப்பில்லாமல் இடமும் வலமும் அலைந்தது.

பிறகு முன்பக்கமாக ஓர் அடி வைத்தார்.

கனம் வந்தது. முதலில் விரல் நுனியில். அடுத்த அடியில் மணிக்கட்டில். அம்மை படகின் முனைக்குப் போய் நின்றபோது அது தோள் வரைக்கும் வந்திருந்தது.

"கனக்குதா?"

"கனக்குது."

திரும்பிப் போய் ஒரு மூட்டையையும் முனைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். வீரையனின் முழங்கால் மடங்கிக் கம்பி சேற்றைத் தொட்டது. இது ஆகாது என்றான் அவன். இப்படி மாட்டினால் ஜீப்பின் பின்பக்கம் அமுங்கிவிடும், முன்சக்கரம் ரோட்டைப் பிடிக்காது.

அம்மை மூட்டையை வந்த வழியே தள்ளிவிட்டு, மறுபடியும் முனையில் வந்து நின்றார்.

"இப்ப?"

கம்பியைப் பிடித்தபடி வீரையன் யோசித்தான். மழை அவன் முகத்தில் வழிந்தது.

"தாங்கலாம்" என்றான். "மறந்துட்டு இருக்கத்தான் முடியாது."

அம்மை மறுபடியும் விளிம்பைத் தட்டினார். கம்பி அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். அப்போதும் அசையவில்லை. வீரையன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். யாருடைய கைகளையோ பார்ப்பது போல இருந்தது.

"அந்தக் கனம் அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மை இறங்கினார்.

அவர் நின்ற இடத்தில், அவர் எடைக்கு இரண்டு மூட்டைகளை வைத்துக் கயிறு போட்டு இறுக்கினார்கள். வீரையன் மறுபடி கம்பியைத் தூக்கிப் பார்த்தான். கைக்கு அந்தக் கனம் அடையாளம் தெரிந்தது.

ஜீப்பில் மாட்டும்போது அவனுக்கு ஒரு கேள்வி வந்தது. இத்தனை வருஷமாகத் தான் மனசிலிருந்து இறக்கி இறக்கி வைத்ததெல்லாம் சரிதானா என்று கேட்க ஆரம்பித்தான். அம்மை முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடினா பிரேக்கத் தொடாதீங்க. காலை மெல்ல எடுத்துட்டு, ஸ்டீயரிங்க நேராப் பிடிங்க. போங்க ஐயா, எனக்கு அங்க கஞ்சி அடிப்பிடிக்குது."

அவன் கரைமேல் ஏறினான்.

பாதி தூரத்தில் காற்று பக்கவாட்டில் வந்து மோதியது. படகு அசைந்தது. கால் பிரேக்குக்குப் பறந்தது. அடக்கினான். வெறுமனே காலை எடுத்துவிட்டு நேராகப் பார்த்தான். படகு இன்னொரு முறை அசைந்தது, முன்னைவிடக் குறைவாக. பிறகு நேரானது.

கண்ணாடியில் பார்த்தான்.

ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் முழுகிய வயல், இரண்டும் வானத்தின் நிறத்தில் கிடந்தன. நடுவில் சாலை. அதன்மேல், தண்ணீரே இல்லாமல், படகு மிதந்து வந்தது. பார்க்கிற வரைக்கும் பார்த்தான். பார்க்காதபோதும் அது வந்துகொண்டிருப்பது முதுகுக்குத் தெரிந்தது. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாலை தண்ணீருக்குள் இறங்கிய இடத்தில் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, படகை மிதக்கவிட்டான்.

ஆலையின் மாடிப்படியில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தது. குழந்தைகளை முதலில் ஏற்றினான். பிறகு முடியாதவர்களை. ஒவ்வொருவரையும் இடம் பார்த்து, எடை பார்த்து உட்கார வைத்தான். படகு தாம்பாளம் போல மட்டமாகப் போனது. நடை நடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஒவ்வொரு நடையிலும் அவன் அஞ்சலையைப் பார்த்தான். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கடைசி நடைக்கு அவளும், இரண்டு கிழவர்களும், ஓர் ஆட்டுக்குட்டியும் மிஞ்சினார்கள்.

அவள் படியில் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாமியாருக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அவன் படகைப் படியோடு ஒட்டிப் பிடித்தான்.

"சரி. நான் எங்க உட்காரட்டும்?"

நடுவில் இடம் இருந்தது. அவள் அங்கே உட்கார்ந்தால் படகு மட்டமாக நிற்கும்.

"இப்படி என் பக்கத்துல வா" என்றான்.

அவள் வந்து உட்கார்ந்தாள். படகு அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது.

வீரையன் யாரையும் நகரச் சொல்லவில்லை.