எலி வளைக்குள் முளைக்கீரை

குளக்கரைப் புளியமரத்தின் வேர்களுக்கு அடியில் ஒரு காட்டெலி குடியிருந்தாள். பெயர் நறுக்கி. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். நறுக்கிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாசலோரம் ஈரம் கண்ட இடத்தில் ஒரு தேரை வந்து உட்கார்ந்துவிட்டது. போகச் சொன்னால், "இதோ கிளம்பிட்டேன் அக்கா" என்று சொல்லும். கிளம்பாது.

அந்தக் கோடையில் நறுக்கிக்குக் குட்டிகள் பிறந்தன. பச்சையாக நாலு இலை தின்றால்தான் அவளுக்குப் பால் ஊறும். குளம் வாசலிலேயே இருந்தது. கீரையோ பொட்டலுக்கு அப்பால் இருந்தது. பொட்டலில் பகலெல்லாம் வல்லூறு, இருட்டினால் ஆந்தை. கீரை பறிக்கப் போன பக்கத்து வளை எலி திரும்பி வரவே இல்லை.

"வெளியே போனாத்தானே வம்பு? வீட்டுக்குள்ளேயே கீரை போட்டுடறேன்" என்றாள் நறுக்கி.

கையிருப்பு கொஞ்சம்தான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த நிலக்கடலை இருந்தது. மழை வரும்வரை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கூடவே ஒரு சிட்டிகை முளைக்கீரை விதை. அதனால் செலவில்லாமல் ஆரம்பித்தாள். யாரோ எறிந்த கொட்டாங்குச்சி ஒன்று கிடந்தது. அடியில் ஓட்டை. அதில் மண்ணை நிரப்பிப் பாதி விதையைத் தூவினாள்.

பிறகு எந்த எலியும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். அருமையான பொருளை எலி வாசலில் வைக்குமா? கொட்டாங்குச்சியைக் கடலை இருக்கும் கடைசி அறைக்கு உருட்டிக்கொண்டு போனாள். இருட்டு மூலையில் வைத்து, அறை வாயை மண்ணால் அடைத்தாள். தண்ணீர் விட மட்டும் திறப்பாள், உடனே மூடிவிடுவாள்.

விதை முளைத்தது. ஆனால் முளைத்ததெல்லாம் வெள்ளையாக, நூல் போல நீண்டு, தலை சாய்ந்து கிடந்தது.

சேதி கேட்டுக் காகம் வந்தது. ஊருக்குள்ளிருந்து பளபளப்பான சாமான்களைத் தூக்கி வந்து காட்டில் விற்பது அதன் பிழைப்பு.

"கொட்டாங்குச்சில நட்டா இப்படித்தான் ஆகும் தங்கச்சி. இந்தப் பீங்கான் கிண்ணத்தைப் பாரு. ஊர்ல பெரிய வீட்டுக்காரங்க எல்லாம் இதுலதான் செடி வைக்கிறாங்க."

"என்ன விலை அண்ணே?"

"உன்கிட்ட என்ன பேரம்? இருக்கிற கடலையில பாதி குடு, போதும்."

மீதிக் கடலை மழை வரும்வரை வருமா என்று நறுக்கி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆனால் குட்டிகள் பசியில் கத்துவது காதில் விழுந்தது. கொடுத்துவிட்டாள்.

"இந்தா, உனக்குப் படுக்க ஆகும்" என்று கொட்டாங்குச்சியை மண்ணும் வெளுத்த முளையுமாக அப்படியே தேரையிடம் தள்ளிவிட்டாள். மீதி விதையைக் கிண்ணத்தில் தூவி, அதே இருட்டறையில் வைத்து அடைத்தாள்.

கிண்ணத்தின் அடியில் ஓட்டை இல்லை. விட்ட தண்ணீர் விட்டபடி நின்றது. விதை அழுகி நாறியது. நறுக்கி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கீரையும் இல்லை, கடலையில் பாதியும் இல்லை, விதைகூட மிச்சமில்லை. முதலுக்கே மோசம். இனிப் பொட்டலைத் தாண்டுவதைத் தவிர வழி தெரியவில்லை. குட்டிகளை ஒருமுறை முகர்ந்துவிட்டுக் கிளம்பினாள்.

வாசலில் கால் தானாக நின்றது. தண்ணீருக்கு ஓடும் அவசரத்தில் அவள் திரும்பியே பார்க்காத தேரையின் மூலையில், வேர் இடுக்கு வழியாக வெயில் ஒரு துண்டு விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் கொட்டாங்குச்சி. அதில் கீரை பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றது!

"நீ என்னடா பண்ணினே?" என்றாள் தேரையிடம்.

"ஒண்ணும் பண்ணலை அக்கா. படுத்தேன், செடி குத்துச்சு. பக்கத்துல நகர்ந்துட்டேன். குளிச்சுட்டு வந்து அதுமேல உடம்பை உதறுவேன். அவ்வளவுதான்."

நறுக்கி உடனே கொட்டாங்குச்சியைப் பற்றி உள்ளே இழுக்கத் தொடங்கினாள்.

"எங்கே கொண்டுபோறே?"

"உள் அறைக்குத்தான். இவ்வளவு நல்ல செடியை வாசல்ல போட்டு வைக்கலாமா? எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"உள்ளே இருந்தப்போ வெள்ளையாக் கிடந்துச்சு. இங்கே வந்துதான் பச்சையாச்சு. கடலையை இருட்டுல ஒளிச்சு வைக்கலாம் அக்கா. இதை வைக்க முடியாது."

நறுக்கியின் பிடி தளரவில்லை. பிறந்ததிலிருந்து ஒளித்துவைத்தே பழகிய கை அது. உள்ளே குட்டி ஒன்று மெல்லக் கத்தியது. அவள் கொட்டாங்குச்சியைப் பழையபடி வெயிலுக்கே தள்ளி வைத்தாள். அடி இலைகளை மட்டும் கிள்ளித் தின்றாள். பொழுது சாய்வதற்குள் பால் ஊறியது.

சில நாள் கழித்துக் காகம் மறுபடி வந்தது.

"கிண்ணம் எப்படி தங்கச்சி? அதுக்கு ஜோடியா ஒரு தட்டு வந்திருக்கு."

"தட்டெல்லாம் வேண்டாம் அண்ணே" என்று கிண்ணத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. அதில் நீர் நிரப்பித் தேரை குளித்துக்கொண்டிருந்தது.

நறுக்கி அதன்பிறகு தேரையைப் போகச் சொல்லவே இல்லை. படுக்கையையும் வாசலுக்கே மாற்றிக்கொண்டு, செடிக்குக் காவலாகக் கிடந்தாள்.

ஓர் உயிரை வளர்க்க நினைப்பவர், தாம் எவ்வளவு கொட்டிக் கொடுத்தோம் என்று பார்க்காமல், அதற்கு என்ன வேண்டும் என்று பார்க்க வேண்டும்.