வாலில் ஒட்டிய காப்பிக்கொட்டை

மலைக்காட்டில் ஒரு பலா மரம். மேல்பொந்தில் செவ்வாலி என்கிற மலையணில். கீழ்ப்பொந்தில் மாசாணம் என்கிற மரநாய். செவ்வாலி பகலில் விழித்திருப்பாள், மாசாணம் இரவில். அதனால்தான் அதுவரை சண்டை வரவில்லை.

இருவருக்கும் உயிர் ஒரே ஒரு காப்பிச் செடி. அதன் சிவந்த பழம் இருந்தால் வேறு சாப்பாடே வேண்டாம். அந்தச் செடியை ஒரு யானை பிடுங்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியது ஒரு கைப்பிடிக் கொட்டைதான். காட்டில் வேறு செடி கிடையாது.

மாசாணம் கொட்டைகளின் தோலைப் பல்லால் பக்குவமாக உரித்தான். தண்ணீரில் ஊற வைத்தான். ஈரமணலில் புதைத்துப் பாசியால் மூடினான்.

"தோலை உரிச்சு ஊற வெச்சாச்சு. சீக்கிரமே முளைச்சிடும். இனிமே கொஞ்சம் கதகதப்பு போதும். நீ தொடாம இரு தாயே!" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

செவ்வாலியாவது, தொடாமல் இருப்பதாவது! தோண்டிப் பார்த்தாள். முளை இல்லை. கொட்டைகள்மேல் உட்கார்ந்து வாலால் போர்த்திப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

'கொஞ்சம் கதகதப்புக்கே முளைக்கும் என்றால், நிறையக் கொடுத்தால்?'

தேன் எடுக்க வந்தவர்கள் விட்டுப்போன அடுப்பில் கங்கு இருந்தது, பக்கத்தில் ஓர் ஓட்டுச்சில்லும் கிடந்தது. கொட்டைகளைச் சில்லில் போட்டுக் கங்கின்மேல் வைத்துக் குச்சியால் கிளறினாள். பச்சை மஞ்சளாயிற்று, மஞ்சள் பழுப்பாயிற்று. பட், பட் என்று வெடித்தது.

"முளை விடுது! எல்லாரும் ஓடி வாங்க!"

வாசனைக்கே காடு கூடிவிட்டது. முள்ளம்பன்றி ஒன்றைக் கடித்துப் பார்த்து, "ஆகா!" என்றது. குரங்கு நாலைந்தை வாயில் போட்டுக்கொண்டு தலைகீழாகத் தொங்கி ஆடியது. காட்டுக்கோழி நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடியது. செவ்வாலியும் நன்றாக மென்றுவிட்டு மரத்துக்கு மரம் பறந்தாள்.

வாசனையில் மாசாணம் கண் விழித்தான். காலிச் சில்லைப் பார்த்தான்.

"அடிப் பாவி! வறுத்துட்டியே! வறுத்தது எங்கேயாவது முளைக்குமா?"

செவ்வாலியின் துள்ளல் நின்றுபோயிற்று. இனி ஜென்மத்துக்கும் அந்தப் பழம் இல்லை. வாலில் முகத்தைப் புதைத்து விக்கி விக்கி அழுதாள். மூக்கில் ஏதோ இடித்தது. கொட்டைகள்மேல் உட்கார்ந்தபோது வாலில் சிக்கிக்கொண்ட ஒரு பச்சைக் கொட்டை!

மாசாணம் அதை வாங்கி மணலில் புதைத்தான்.

"நான் இங்கே இருந்தா மறுபடியும் தோண்டிடுவேன்," என்று சொல்லிவிட்டு செவ்வாலி ஆற்றுக்கு அக்கரை போய்விட்டாள். தினமும் அங்கிருந்தே கத்துவாள்: "வந்திடுச்சா?"

"இல்லை!"

ஒருநாள் மாசாணம் பகல் தூக்கத்தை விட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடி வந்தான்.

"வந்துட்டாண்டி! கொட்டையைத் தொப்பியா மாட்டிக்கிட்டு நிக்கிறான்!"

செவ்வாலி ஒரே தாவில் இக்கரை வந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முளையை எட்ட நின்றே பார்த்தாள்.

வளர்கிற எதற்கும் உதவி ஓர் அளவுக்குத்தான் செய்யலாம், அதற்குமேல் செய்வது அவசரம், அவசரம் இருப்பதையும் கெடுத்துவிடும்.