ஞானதிரவியம் வாத்தியாரோட பச்சை சைக்கிள்

ஒரு ஊர்ல ஒரு இங்கிலீஷ் வாத்தியார் இருந்தாரு. பேரு ஞானதிரவியம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, பேக்கரி மாடியில வகுப்பு. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போற நர்ஸுங்க, வெல்டருங்க எல்லாம் இங்கிலீஷ்ல பேசிக் காட்டணும்ல, அந்தப் பரீட்சைக்குத்தான். ம் சொல்லு பாப்பா, அப்பதான் மேல சொல்லுவேன்.

ம்.

அந்தப் பரீட்சையில சைக்கிளைப் பத்திக் கேட்டா என்ன சொல்றது? பாதிப் பேரு சைக்கிளே ஓட்டினதில்ல. வாத்தியார் யோசிச்சாரு. அப்புறம் தன்னோட சொந்தக் கதையையே இங்கிலீஷாக்கி போர்டுல எழுதிப் போட்டாரு. அப்பா வாங்கிக் குடுத்த பச்சை சைக்கிள். சீட்டு எட்டாது, பாருக்கு நடுவுல காலை விட்டு அரைப்பெடல். பின்னால புடிச்சுக்கிட்டு வந்த அப்பா வழியில கையை எடுத்துட்டாரு. கிணிங் கிணிங்னு போய் வாய்க்கால்ல தொபுக்கடீர். முட்டியில ரத்தம். அப்பா ஓடி வந்து காப்பித்தூளை அள்ளி அப்புறாரு.

எல்லாரும் கடகடன்னு மனப்பாடம் பண்ணாங்க. வருஷா வருஷம் அதே சைக்கிள், அதே வாய்க்கால், அதே காப்பித்தூள்.

அப்போ ஒரு நாள் வகுப்பு நடத்துற முதலாளி சொல்லிட்டாரு. "இனிமே பாடம் எடுக்கிறவங்களும் அந்தப் பரீட்சையில ஒம்போதுக்கு ஏழு மார்க் வாங்கணும் சார். வாங்கலேன்னா வேற ஆள் பாத்துக்கிறோம்."

அந்த வேலையை விட்டா வாத்தியாருக்கு வேற ஒண்ணும் தெரியாது.

ம்.

பரீட்சைக்குப் போனாரு. உள்ள ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. முதல் கேள்வி. "உங்க வாழ்க்கையில மறக்க முடியாத ஒரு பொருள் பத்திச் சொல்லுங்க."

அவரு பச்சை சைக்கிளைச் சொன்னாரு. நிசமாவே அவரோடதுதானே. வாய்க்கால்கிட்ட வந்ததும் பாத்தா, அந்த அம்மாவோட உதடும் கூடவே அசையுது. அவரு வாயைத் திறக்கிறதுக்குள்ள அவங்களே சொல்லிட்டாங்க. "காப்பித்தூள்."

வாத்தியாருக்கு வேர்த்துப் போச்சு.

அப்புறம் ரெண்டாவது கேள்வி. "யாரு ஓட்டக் கத்துக்குடுத்தா?"

"அப்பா. பின்னால புடிச்சுக்கிட்டு ஓடி வந்தாரு..."

"வழியில கையை எடுத்துட்டாரு, உங்களுக்குத் தெரியல. அதானே?" பேனாவை மேசையில டக் டக்னு தட்டுனாங்க. "மனப்பாடம் பண்ணிச் சொன்னா மார்க் கிடையாதுங்க."

"எங்கப்பாதாங்க அது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

பாத்தியா பாப்பா, இத்தனை பேருக்குத் தூக்கிக் குடுத்ததுல அவரோட அப்பா அவருக்கே மிச்சமில்ல.

ம்... ம்.

அப்போ மூணாவது கேள்வி. "சரி, அந்த சைக்கிள் இப்ப எங்க இருக்கு?"

இது போர்டுல இல்ல. வாத்தியார் திக்குனாரு, திணறுனாரு. "எங்க அண்ணன் வீட்ல."

"யாரு ஓட்டுறாங்க?"

"யாரும் ஓட்டல. பூட்டிக் கிடக்கு. சாவி எங்கிட்ட."

அப்பா இறந்துபோனதும் ரெண்டு பேருக்கும் சண்டை. அண்ணன் சைக்கிளைத் தூக்கிட்டாரு. தம்பி சாவியை எடுத்து வச்சுக்கிட்டாரு. அண்ணன் பூட்டை உடைக்கவும் மாட்டாரு, தம்பி திறந்து விடவும் மாட்டாரு. முற்றத்துல மழையில நனைஞ்சு துருப்பிடிக்குது.

"ஏன் சாவியைக் குடுக்கல?"

வாத்தியார் இங்கிலீஷ்ல தேடுனாரு, கிடைக்கல. தமிழ்லயும் தேடுனாரு. அப்புறம் மெதுவா, "தெரியலம்மா. கோபம் இருக்கு. எதுக்குன்னு மறந்துபோச்சு"ன்னாரு. அந்த அம்மா பேனாவைக் கீழ வச்சுட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

ஏழு மார்க் வந்துருச்சு. வேலையும் நிலைச்சுது.

மறுநாள் வகுப்புல எல்லாரும் சூழ்ந்துக்கிட்டாங்க. ஜெபராணின்னு ஒரு நர்ஸ், ரெண்டு தடவை காப்பித்தூள் சொல்லித் தோத்தவ. "சார், என்ன சொன்னீங்கன்னு எங்களுக்கும் சொல்லுங்க சார். இந்தத் தடவையும் போச்சுன்னா எங்க வீட்ல வெளிநாட்டுப் பேச்சே எடுக்க விடமாட்டாங்க."

வாத்தியார் சாக்பீஸை எடுத்தாரு. கிறீச் கிறீச். அண்ணன், சண்டை, பூட்டு, சாவி.

ஜெபராணி எழுதிக்கிட்டே, "சார், கடைசியில சாவியைக் குடுத்துட்டேன்னு முடிச்சா இன்னும் நல்லா இருக்கும்ல?"ன்னா.

வாத்தியார் போர்டுப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. "சரி, அப்படியே எழுதிக்கோங்கம்மா."

அன்னையில இருந்து பேக்கரி மாடியில சாயங்காலமானா ஒரே சத்தம். அத்தனை பேரும் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுறாங்க, சாவியைக் கையில வைக்கிறாங்க, கட்டிப்புடிச்சு அழறாங்க. நல்ல இங்கிலீஷ்ல. வாத்தியார் தப்பைத் திருத்திக்கிட்டே நடுவுல நடக்கிறாரு. அவரு ஒருத்தர்தான் இன்னும் குடுக்கல.

ஏன் குடுக்கலைன்னு கேக்குறியா? கேக்கலையா. சரி, கதை இவ்வளவுதான், போர்வையை இழுத்துக்கோ. தூங்கு.